ஆர் மொழியில் வரைபடம்: பிளாட் கட்டளையா, ஜிஜிபிளாட்2-ஆ?

ஆர் என்பது புள்ளியியலுக்கான நிரல் மொழி. வரைபடம் போடும் பிளாட் கட்டளை ஆருடனேயே வருகிறது. ஹேட்லி விக்கம் உருவாக்கி 2007-இல் வெளிவந்த ஜிஜிபிளாட்2 என்ற வரைபடத் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

ஆரில் எம்டிகார்ஸ் என்றொரு தரவு உண்டு. 1974-ஆம் ஆண்டு மோட்டார் டிரெண்ட் இதழிலிருந்து எடுத்த 32 கார்களின் விவரம். எடை கூடினால் மைலேஜ் குறைகிறதா? பிளாட்டில் ஒரே வரி எழுதினால் போதும், விடை கண்முன் நிற்கும். லீனியர் மாடலை (தரவுக்குப் பொருத்திய நேர்கோட்டுச் சமன்பாட்டை) பிளாட்டிடம் அப்படியே கொடுத்தால் எச்சங்களை, அதாவது உண்மை மதிப்புக்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசங்களை, சோதிக்கும் நான்கு படங்களும் வந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே பிளாட்டை நான் விடமாட்டேன்.

சரி, சிலிண்டர் வாரியாக நிறம் வேண்டும் என்றால்? பிளாட்டில் நிறம் கொடுப்பது எளிது, ஆனால் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற விளக்கப் பெட்டியை நாமே எழுத வேண்டும். அதில் நிறங்களின் வரிசை மாறினால் படம் பொய் சொல்லும், எச்சரிக்கைகூட வராது. ஜிஜிபிளாட்டில் அந்தப் பெட்டி தானாகவே வரும். சிலிண்டர் எண்ணை ஃபேக்டராக (எண்ணாக அல்லாமல் வகையாக) மாற்றிக் கொடுக்க மட்டும் மறக்கக்கூடாது. இல்லையென்றால் 4, 6, 8 மூன்றும் ஒரே நீலத்தின் சாயல்களாகிவிடும்.

ஜிஜிபிளாட்டில் படத்தை வகைவாரியாகப் பிரிக்கும் ஃபேசட்_ராப் இன்னும் பெரிய வசதி. ஒவ்வொரு சிலிண்டர் வகைக்கும் தனிப் படம், எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். பிளாட்டில் இதற்கு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல்) எழுதி, அச்சின் எல்லைகளையும் நாமே பூட்ட வேண்டும்.

ஜிஜிபிளாட் தரவை நீள வடிவில்தான், அதாவது ஒவ்வொரு அளவீடும் தனி வரிசையில் இருப்பதைத்தான், விரும்பும். ஆண்டுக்கு ஒரு நெடுவரிசை என்றிருந்தால் முதலில் அவற்றை வரிசைகளாக மாற்றும் பிவட்_லாங்கர் கட்டளையைப் போட வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான். தரவைத் துழாவிப் பார்க்க எனக்குப் பிளாட், அறிக்கையில் போட ஜிஜிபிளாட்.