டைட்டில் இன்ஷூரன்ஸ்: ஒரு தடவை கை கொடுத்தது, ஒரு தடவை கை விரித்தது

வீடு வாங்கும்போது டைட்டில் இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா, இல்லை வீண் செலவா என்று தெரிந்தவர்கள் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நான் எடுத்தேன். ஆறு வருஷத்தில் இரண்டு தடவை அந்த பாலிசியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்தது. ஒரு தடவை கம்பெனி கடைசி வரை கூட நின்றது, இன்னொரு தடவை ஒரே பக்கக் கடிதத்தில் முடியாது என்று சொல்லிவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவது பெரும்பாலும் எல்லா கம்பெனி பாலிசிக்கும் பொருந்தும்.

இது என்ன என்று தெரியாதவர்களுக்கு: வண்டிக்கும் உடம்புக்கும் எடுக்கும் இன்ஷூரன்ஸ் இனிமேல் நடக்கப்போவதற்கு. டைட்டில் இன்ஷூரன்ஸ் எப்போதோ நடந்து முடிந்து, நமக்குத் தெரியாமல் பத்திரத்துக்குள் கிடக்கும் வில்லங்கத்துக்கு. போலிக் கையெழுத்து, ஆள் மாறாட்டம், கணக்கில் வராத வாரிசு, அடைபடாத பழைய கடன், பதிவில் விழுந்த தவறு, இப்படி. பிரீமியம் ஒரே ஒரு தடவைதான், வாங்கும் அன்றைக்குக் கட்டினால் சொத்து நம்மிடமோ நம் வாரிசுகளிடமோ இருக்கும் வரை பாலிசி உயிரோடு இருக்கும். பாலிசி தேதிக்கு அப்புறம் முளைக்கும் பிரச்சினைகள் பொதுவாக இதில் வராது.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. கடன் கொடுக்கும் பேங்க் ஒரு பாலிசி கேட்கும், நாம்தான் அதற்குப் பணம் கட்டுவோம், கட்டிவிட்டு நமக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். அது பேங்கின் பாலிசி. பேங்குக்கு வர வேண்டிய பாக்கியை மட்டும்தான் காப்பாற்றும், கடன் குறையக் குறைய அதுவும் குறையும். நாம் கைக்காசாகப் போட்ட முன்பணத்துக்கும் அடைத்த தவணைக்கும் அதில் ஒரு பைசா கிடைக்காது. உரிமையாளர் பாலிசி என்று தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து எடுத்தால் பல இடங்களில் விலையும் குறைத்துத் தருவார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வீடு வாங்கி நான்காவது வருஷம் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்களுக்கு விற்றவருக்கு இந்த வீடு அவருடைய அப்பா இறந்த பிறகு வந்தது. அந்த அப்பாவுக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகள் இருந்திருக்கிறார், வாரிசுப் பட்டியலில் அவர் பெயரே இல்லை, எங்கள் பத்திரத்தில் அவர் கையெழுத்தும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு தன்னுடையது என்று கேட்கிறார். அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. பீரோவில் இருந்த ஃபைலை எடுத்து, பாலிசியின் முதல் பக்கம், நோட்டீஸ், பத்திர நகல் மூன்றையும் சேர்த்து மறுநாளே எழுத்துமூலமாக அனுப்பினேன். அந்தப் பெண்மணியை நேரில் போய்ப் பார்த்துப் பேசி முடித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நல்லவேளை, பாலிசியின் நிபந்தனைகளை முதலில் படித்துவிட்டேன்: கம்பெனியின் சம்மதம் இல்லாமல் நாமாக எதையாவது ஒப்புக்கொண்டாலோ பணம் கொடுத்தாலோ அவர்கள் அதற்குப் பொறுப்பில்லை.

மூன்று வாரத்தில் வக்கீல் வைத்துக் கொடுத்தார்கள். பதினான்கு மாதம் இழுத்தது. கடைசியில் கம்பெனி அவருக்கு ஒரு தொகை கொடுத்து, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவும் செய்து கொடுத்தது. வக்கீல் பீஸ் உட்பட எங்கள் கையிலிருந்து எதுவும் போகவில்லை. ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பெண்மணி பொய் சொல்லவில்லை, அவர் கேட்டது நியாயமான பங்கு. அவருக்கும் ஏதோ கிடைத்தது, எங்களுக்கும் வீடு நின்றது என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பாலிசி இல்லையென்றால் ஒரு தப்பும் செய்யாத இரண்டு குடும்பங்கள் கோர்ட் வாசலில் நின்றிருக்கும்.

அடுத்தது கை விரித்த கதை. போன வருஷம் பின்பக்கம் ஒரு ரூம் கட்டலாம் என்று பிளான் போட்டோம், அனுமதி கிடைக்கவில்லை. பின் எல்லையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு வடிகால் குழாய் போகிறதாம், அதன் மேல் கட்டடம் வரக் கூடாதாம். கிளெய்ம் போட்டேன். பதில்: விதிவிலக்குப் பட்டியல் (கம்பெனி பொறுப்பேற்காதவை), ஒன்பதாவது வரியைப் பார்க்கவும். எடுத்துப் பார்த்தேன். ‘பின்புற எல்லையில் வடிகாலுக்கான பாத்தியதை’ என்று, அதாவது நம் இடத்தில் வடிகால் கொண்டுபோக மற்றவருக்கு உள்ள உரிமை என்று, பதிவு எண்ணோடு இருக்கிறது. அந்தப் பக்கத்தின் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. கையெழுத்துப் போடும் நாளில் ஐம்பது அறுபது பக்கத்தை அடுக்கி வைத்து, இங்கே, இங்கே, இங்கே என்று விரலால் காட்டினார்கள், யாரும் அந்த வரியைப் படித்துச் சொல்லவில்லை. அவர்கள் கடமை இல்லையாம். இதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

அதனால் என் கணக்கில் பாலிசியை விட முக்கியமானது பதிவுக்கு முன்னால் அவர்கள் தரும் அந்த கமிட்மென்ட் என்கிற தாள்தான். யார் பெயரில் இருக்கிறது, முடிப்பதற்குள் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும், எதற்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை என்று மூன்றையும் அதில் எழுதியிருப்பார்கள். மூன்றாவதை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு பதிவு எண்ணுக்கும் உரிய மூல ஆவணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சில வரிகளை நீக்கச் சொன்னால் நீக்குவார்கள், கேட்காதவருக்கு நீக்க மாட்டார்கள். நமக்கு முன்பே தெரிந்த குறையை மறைத்து பாலிசி வாங்கினாலும் பயனில்லை, அதைக் காட்டியே கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள்.

நல்ல வக்கீல் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1868-இல் வாட்சன் எதிர் முயர்ஹெட் என்று ஒரு தீர்ப்பு. பத்திரம் பார்த்துக் கொடுத்தவர், பழைய கோர்ட் தீர்ப்புக் கடன் சொத்தைக் கட்டுப்படுத்தாது என்று வக்கீல் சொன்னதை நம்பி, சொத்து சுத்தம் என்று சொல்லிவிட்டார். ஆனால் கட்டுப்படுத்தியது, வாங்கியவருக்கு நஷ்டம். பார்த்துக் கொடுத்தவர் அலட்சியமாக இல்லை, ஆகவே அவர் பொறுப்பில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. 1876-இல் பிலடெல்பியாவில் முதல் டைட்டில் இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்கியதற்கு இந்த ஓட்டைதான் காரணம். வக்கீலின் கருத்து தப்பானால் அவர் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டும். டைட்டில் இன்ஷூரன்ஸில் யார் தப்பு என்ற கேள்வியே எழாது. போலிக் கையெழுத்தை எந்த வக்கீலாலும் தாளைப் பார்த்தே கண்டுபிடித்துவிட முடியாது.

விலை மேல் எனக்குக் குறை உண்டு. அமெரிக்காவில் இந்தத் தொழிலில் வசூலாகும் பிரீமியத்தில் கிளெய்முக்காகப் போவது பெரும்பாலான வருஷங்களில் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. முன்கூட்டியே தேடிச் சரிசெய்வதற்குத்தான் செலவாகிறது என்கிறார்கள், அதில் உண்மை இருக்கிறது, ஆனாலும் அதிகம். விற்பவர் சில வருஷத்துக்கு முன்பு எடுத்த பாலிசி இருந்தால் அதைக் காட்டித் தள்ளுபடி கேளுங்கள், பல இடங்களில் உண்டு. இன்னொன்று, காப்பீட்டுத் தொகை வாங்கிய விலையோடு நின்றுவிடும், சொத்தின் மதிப்பு இரண்டு மடங்கானாலும் அது ஏறாது, பாலிசியோடு தனியாக ஒரு சேர்க்கை எடுத்தால்தான் ஏறும்.

எல்லா இடத்திலும் இது வேண்டுமா என்றால், இல்லை. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில் அரசுப் பதிவேடே உரிமைக்கு உத்தரவாதம் தரும். அப்படிப்பட்ட இடத்தில் இதன் தேவை வெகுவாகக் குறைவு. பத்திரத்தைப் பதிவு செய்வதோடு சரி, உரிமைக்கு அரசு உத்தரவாதம் தராது என்றிருக்கும் இடத்தில், அதுவும் வாரிசு வழியாகவோ ஏலத்திலோ வந்த சொத்து என்றால், நான் யோசிக்கவே மாட்டேன், எடுப்பேன்.

இப்போது என் தம்பி வீடு பார்த்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து கமிட்மென்ட்டை முழுக்கப் படித்தோம். விற்பவர் எப்போதோ அடைத்த கடனுக்கு ரத்துப் பத்திரம் பதியவே இல்லை, அதைப் பதியச் சொல்லியாயிற்று. ‘அளந்தால் தெரியவரும் எல்லைக் குறைகளுக்குப் பொறுப்பில்லை’ என்று ஆறாவது வரி. அதை எடுக்கச் சொன்னால் சர்வே வேண்டும் என்றார்கள், அளந்தோம். பக்கத்து வீட்டு மதில் ஒன்றரை அடி உள்ளே வந்திருக்கிறது. விற்பவரிடம் பேச்சு நடக்கிறது, தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.