வயிற்றைத் திறந்தபின் எதைக் கொண்டு மூடுவது?

வயிற்று ஆபரேஷன் முடிந்தவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஈரோட்டுப் பக்கம் கேட்பது, "தையலுங்களா, பின் அடிச்சிருக்காங்களா?" என்றுதான். பின் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும். பசை போட்டால் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் இதெல்லாம் மேல்தோலுக்கு. பின்னாளில் அந்த இடத்தில் ஹெர்னியா (குடல் பிதுங்குவது) வருமா என்பதில், அடியில் இருக்கும் கெட்டியான வெள்ளைச் சவ்வை எப்படி மூடினார்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில் நூல். விக்ரில் என்கிற கரையும் நூல் நாலு வாரத்துக்குள் பலத்தை இழந்துவிடும். சவ்வு தேற மாதக்கணக்கில் ஆகும். புரோலீன் என்கிற நூல் கரையவே கரையாது, ஆனால் ஒல்லியானவர்களுக்கு முடிச்சு உறுத்தும், சிலருக்குப் புண்ணாகிச் சீழ் வடியும். பிடிஎஸ் நூல் ஒரு மாதம் கழிந்தும் பாதிக்கு மேல் பலத்தோடு இருந்து, ஆறேழு மாதத்தில் கரையும். என் ஓட்டு பிடிஎஸ்ஸுக்கே.

நூலைவிடப் பெரிய விஷயம் கை. வெட்டின ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குத்துவது பழைய வழக்கம். அதில் தசையும் கொழுப்பும் சேர்ந்து நசுங்கி, நாளடைவில் தையல் தளர்ந்துபோகும். சின்ன ஊசியால் சவ்வை மட்டும் பிடித்து, 5 மில்லிமீட்டருக்கு ஒரு குத்து போடுவது புது முறை. நெதர்லாந்தில் 560 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டார்கள்: ஒரு வருடத்தில் ஹெர்னியா பழைய முறையில் 21 சதவீதம், புது முறையில் 13. கூடுதலாக ஆனது நாலு நிமிடம்தான்! இதற்குக் கணக்கும் உண்டு: 20 சென்டிமீட்டர் வெட்டுக்கு உள்ளே குறைந்தது 80 சென்டிமீட்டர் நூல் போயிருக்க வேண்டும்.

உடல் பருத்தவர்கள், வயிற்று ரத்தக்குழாய் வீக்கத்துக்காக ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் ஆகியோருக்குத் தையலோடு, சவ்வுக்குப் பலம் சேர்க்கும் வலையும் (மெஷ்) வைக்கலாம். 2017இல் வந்த இன்னொரு ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு வருடத்தில் வெறும் தையலில் 30 சதவீதம் ஹெர்னியா. சவ்வுக்கு மேலே வலை வைத்ததில் 13. ஆனால் மேலே வைத்தால் நீர் கோப்பது அதிகம். குடல் ஓட்டையாகிச் சீழ் பிடித்த வயிறென்றால் வலை வைக்க நிறையவே யோசிக்க வேண்டும்.

இடுப்பு பெல்ட்? இருமும்போது வலி குறையும், நடக்கத் தைரியம் வரும். சரி, கட்டிக்கொள்ளட்டும். ஆனால் ஹெர்னியாவைத் தடுக்கும் என்று நிரூபணமாகவில்லை. பெல்ட்டை நம்பி மஞ்சள் மூட்டை தூக்கப் போகக் கூடாது.

துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வெட்டு சின்னது, ஹெர்னியாவும் குறைவு. இருந்தாலும் தொப்புள் பக்கத்தில் போடும் பெரிய துளைக்கு உள்தையல் வேண்டும்.

தேதி குறித்து வைத்திருக்கும் ஆபரேஷன் என்றால் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்: "உள்தையலுக்கு என்ன நூலுங்க, சின்னச் சின்னக் குத்தாப் போடுவீங்களா, எங்க அப்பாவுக்கு வலை தேவைப்படுங்களா?"