தனியாளாகப் பாய்மரம் ஏற்றுவது: வின்ச்சா, கப்பிக் கயிறா?

பொல்கொடை ஏரிக்குப் படகை ட்ரெய்லரில் இழுத்துப் போகிறவருக்கு எல்லா நாளும் துணைக்கு ஆள் கிடைக்காது. அப்போது பாய்மரத்தைத் தோளில் தாங்கி ஏற்றிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 7 மீற்றர் நீளம், 20 கிலோ எடையுள்ள அலுமினிய மரம் படுத்திருக்கும்போதுதான் மிக மோசமாகக் கனக்கும்.

மர உச்சியிலிருந்து முன்னால் வரும் முன்கம்பியை அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, நேரே இழுத்தாலும் எழும்பாது. இழுப்பெல்லாம் மரத்தின் அடியை நோக்கியே போய்விடும். அதனால் மரத்தடியில் 2 மீற்றர் குழாய் ஒன்றை நிமிர்த்தி, அதன் நுனி வழியாக இழுக்கிறோம். அணியம் இரண்டரை மீற்றர் தள்ளியிருந்தால் தொடக்க இழுவை ஏறக்குறைய 45 கிலோ. நான்கு மடங்குக் கப்பி போட்டால் கைக்கு 11, 12 கிலோ; உராய்வுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

படகை ட்ரெய்லரில் இழுத்தேற்றும் கைச்சுற்று வின்ச்சுக்கு இந்தப் பாரம் விளையாட்டு. கையை விட்டாலும் பல்சக்கரம் பிடித்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் தரையில், படகுக்கு முன்னால் நிற்கவேண்டும். இறக்கும்போது பிரேக் இல்லாத வின்ச் என்றால் பல்லை விடுவித்ததும் கைப்பிடி சுழன்று மணிக்கட்டில் அடிக்கும். படகு தண்ணீரில் இருக்கும்போது அது உதவவே உதவாது.

பெரிய பாயின் கப்பிக் கயிறோ ஏற்கெனவே படகில் இருக்கிறது. நுனியைப் பின்னால் கொண்டுவந்தால் மரத்துக்குப் பக்கத்திலேயே நின்று இழுக்கலாம், கயிற்றைக் கடித்துப் பிடிக்கும் பற்கட்டையில் கடிக்கவிட்டு நிறுத்தலாம். ஒருமுறை பாதி உயரத்தில் என் மரம் நின்றுவிட்டது. மரத்தை இருபுறமும் தாங்கும் பக்கக்கம்பியொன்றின் முறுக்காணி (கம்பியை இறுக்கும் திருகு), படகில் அது மாட்டும் தகட்டில் குறுக்காகச் சிக்கி, மெல்ல வளைந்துகொண்டிருந்தது. கயிற்றைக் கடிக்கவிட்டு, இரண்டு எட்டு வைத்து நிமிர்த்திவிட்டேன். வின்ச்சைச் சுற்றிக்கொண்டிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. எனக்கு அன்றோடு தீர்ந்தது, கப்பிக் கயிறுதான்.

சரி, பக்கவாட்டு ஆட்டத்துக்கு? ஒற்றைக் குழாய் மலிவு. கொழும்பு பழைய சோனகத் தெருவில் வாங்கி அறுத்துக்கொள்ளலாம். ஆனால் மரம் சாய்ந்திருக்கையில் பக்கக்கம்பிகள் தளர்ந்துவிடும்; பின்னேரக் கடற்காற்று ஒரு தள்ளுத் தள்ளினால் மரம் பக்கமாகச் சரியும். தற்காலிகக் கயிறு இரண்டு கட்டவேண்டும், அவற்றின் அடி மரத்தின் கீல் அச்சுக்கு நேராக இருக்கவேண்டும். குழாய்க்கும் அதேபோல இரண்டு. குழாய்க்குப் பதில் வைக்கும் ‘ஏ’ வடிவச் சட்டம் இரண்டு காலில் நிற்பதால் தானாகச் சரியாது. மரத்துக்குக் கயிறு கட்டினால் போதும். அதைச் சுமந்து திரிவதுதான் தொல்லை. அடிக்கடி தனியே போகிறவர் அந்தத் தொல்லையை ஏற்றுக்கொள்ளட்டும்.

எதில் ஏற்றினாலும், முதலில் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள்.