ஊரில் கொலனாஸ்கோபி செய்துகொள்பவர்கள் பயாப்ஸி ரிப்போர்ட் வரும்வரை இருந்துவிட்டு வாருங்கள்

லண்டனில் கொலனாஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். எப்படியும் மதுரைக்குப் போகிறோமே என்று அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டேன். எனக்குப் பல வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நாள்பட்ட நோய்), இப்போது மாத்திரையில் அடங்கியிருக்கிறது, ரத்தம் போவதில்லை.

வேகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கேட்ட மறுநாளே இடம் கிடைத்தது. பேதி மருந்தை எப்படிக் கலக்க வேண்டும், இளநீர் குடிக்கலாம், பால் கூடாது என்று நர்ஸ் போனிலேயே பொறுமையாகச் சொன்னார். முடிந்த கையோடு கலர் படங்களுடன் ரிப்போர்ட். மேயோ ஸ்கோர் 0, அதாவது சிவப்பு இல்லை, புண் இல்லை, ரத்தக்குழாய்களின் வலைப்பின்னல் தெளிவாகத் தெரிகிறது. "குடல் சுத்தமா இருக்கு சார்" என்றார் டாக்டர்.

பலர் அதோடு, பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கு (குடலில் கிள்ளி எடுத்த துணுக்குகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதுவது) காத்திருக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

ஸ்கோப்புக்கு உள்ளே போகும் முன் உதவியாளர் ஒருவர் பயாப்ஸித் துணுக்குகளைப் பற்றி, "எல்லாத்தையும் ஒரே பாட்டில்ல போட்டுடலாமா சார், தனித்தனியா போட்டா பில் ஏறும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், ஆனால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடுகளவுத் துணுக்குகள் ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) ஒன்றாக விழுந்துவிட்டால் எது மலக்குடல், எது சிறுகுடல் முனை என்று அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கித் தொடர்ச்சியாகப் பரவும், குரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய் இடம் விட்டு இடம் வரும், அதனால் துணுக்கு எந்த இடத்தது என்று தெரியாவிட்டால் பாதி விஷயம் போய்விடும். நோயை முதலில் கண்டுபிடிக்கும்போது குறைந்தது 5 இடங்களில், இடத்துக்கு 2 துணுக்காவது, பார்க்க நன்றாக இருக்கும் இடத்திலும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்.

என் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தபோது மலக்குடல் துணுக்கில் கிரிப்டைட்டிஸ் என்று இருந்தது. அதாவது சுரப்பிக்குழிகளின் சுவருக்குள் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் புகுந்திருக்கின்றன, ஒரு குழியில் சீழும் கட்டியிருக்கிறது. டாக்டர் பார்த்ததும் உண்மை, இதுவும் உண்மை. கேமராவுக்கு மேற்பரப்பு மட்டும்தான் தெரியும். 1956-லேயே ட்ரூலவ், ரிச்சர்ட்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளர்கள் இருவரும் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்த மலக்குடலில் பயாப்ஸி எடுத்து அழற்சியைக் காட்டியிருக்கிறார்கள். இப்படி உள்ளே அழற்சி மிச்சம் இருப்பவர்களுக்கு நோய் திரும்பக் கிளம்பும் வாய்ப்பு அதிகம், அதனால் மருந்தைக் குறைக்கலாமா என்ற பேச்சு இந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் நடக்க வேண்டும். குழிகள் வளைந்து கிளைவிட்டிருக்கின்றன என்று மட்டும் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், அது பழைய சண்டையின் தழும்பு. நியூட்ரோபில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல், குடல் காசநோய். சிறுகுடல் முனையில் புண் என்றால் குரோன்ஸா காசநோயா என்று டாக்டர்களே திணறுவார்கள். குறுக்காக ஓடும் புண், வாய் பிளந்த இலியோசீக்கல் வால்வு (சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்து வால்வு) என்றால் காசநோய்ப் பக்கம் சாயும், நீளவாக்கில் ஓடும் புண் குரோன்ஸ் பக்கம். கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு) இரண்டிலும் வரலாம், பெரிதாக ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் திசு செத்திருந்தால் காசநோய்தான் என்று சந்தேகம் வலுக்கும். இதைத் தீர்க்காமல், நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு தொடங்குவது ஆபத்து. கல்ச்சருக்கான (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) துணுக்கு ஃபார்மலினில் போகக் கூடாது, சலைன் என்ற உப்புநீரில் போக வேண்டும், ஸ்கோப்புக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பயாப்ஸிக்குச் சில நாள் ஆகும், அதனால் விடுமுறையின் ஆரம்பத்திலேயே ஸ்கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஸ்லைடுகளையும் துணுக்குகளைப் பதித்த மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்டதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள், இங்கே என் டாக்டர் அதை மறுபடி பார்க்க அனுப்பியிருக்கிறார்.