ஆல்-ஸ்டார் வார இறுதி: அரங்கிலா, தொலைக்காட்சியிலா?

வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் நட்சத்திர வீரர்கள் கூடும் ஆல்-ஸ்டார் வார இறுதியை நேரில் பார்ப்பதா, தொலைக்காட்சியில் பார்ப்பதா என்று தயங்குவோருக்காக, 2024இல் டொராண்டோவில் நடந்ததை வைத்து இரண்டையும் ஒப்பிடுகிறேன்.

செலவு
அரங்கு: நுழைவுச்சீட்டோடு தங்கும் செலவும் சேரும்.
தொலைக்காட்சி: சந்தா மட்டுமே.

திறன் போட்டி
தொலைக்காட்சி: வெள்ளிக்கிழமை வீரர்கள் தனித்தனியே வேகம், குறி போன்றவற்றில் மோதிய இதில் பத்து லட்சம் டாலர் பரிசை வென்ற எட்மண்டன் அணி வீரர் கானர் மெக்டேவிட், வேகச் சுற்றை 13.408 வினாடிகளில் முடித்தார். நூறில் ஒரு பங்கு வினாடி வித்தியாசத்தைத் திரைக் கடிகாரமும் மெதுவோட்டக் காட்சியும்தான் புரியவைக்கும்.
அரங்கு: வளைவுகளில் அவர் காலை மாற்றி மாற்றி வைத்து வேகம் கூட்டுவதை முழுச் சுற்றிலும் பார்க்கலாம், ஆனால் பந்தயங்களுக்கு இடையே காத்திருப்பு நீளம்.

ஆட்டம்
அரங்கு: 2016 முதல் 2024 வரை கோல்காப்பாளர் தவிர அணிக்கு மூவராக ஆடப்பட்டதால் பனித்தளம் காலியாகக் கிடந்தது, பக்குக்கு (ஆடப்படும் ரப்பர் வட்டுக்கு) வெகுதொலைவில் ஒருவர் தனியே நழுவிச் செல்வது மேலிருக்கையிலிருந்து தெளிவாகத் தெரியும்.
தொலைக்காட்சி: கேமரா பக்கையே துரத்துவதால் அந்த நகர்வு பெரும்பாலும் தப்பிவிடும். (யாரும் உடலால் மோதாத இந்த ஆட்டத்தில் வர்ணனையாளர்களின் பரபரப்பு சற்று மிகைதான்.)

ஒரு மாலைக்கே சீட்டு வாங்க முடிந்தால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வாங்குங்கள். திறன் போட்டிக்கு வீட்டுத் திரையே மேல். வீரர்களை அருகில் காண ஏங்கும் பிள்ளைகளோடு செல்வோருக்கு மட்டும் வெள்ளிக்கிழமையும் அரங்கே பொருந்தும்.