பி.பி. மெஷின் நல்லது, நாற்காலிதான் கூட வராது

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். மெஷினில் பெரிய குறை இல்லை. அதோடு வந்த சின்னப் புத்தகத்தோடுதான் எனக்குச் சண்டை.

நான் வாங்கியது புஜத்தில் பட்டை சுற்றிப் பார்க்கிற டிஜிட்டல் ரகம். 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. நாலு பென்சில் பேட்டரி போட வேண்டும். மணிக்கட்டில் மாட்டுகிற ரகமும் கடையில் இருந்தது. நர்சிங் படிக்கும் என் மகள் அது வேண்டாம் என்றாள். மணிக்கட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்காவிட்டால் கணக்கு மாறிவிடுமாம். இதில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் போதும், மேல் பிரஷர், கீழ் பிரஷர், நாடித்துடிப்பு மூன்றும் பெரிய எழுத்தில் வந்துவிடும். கண்ணாடி தேட வேண்டியதில்லை.

எனக்கு பிரஷர் என்பதால் எனக்காக வாங்கியதுதான். ஆனால் தேனி மாவட்டம் கம்பத்தில் தோட்டத்து ஜீப் கிளம்புகிற இடத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள் ஒரு பொருளைத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியுமா? விடிவதற்கு முன்பே கம்பம்மெட்டு ஏறி, கேரளாவில் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள்தான் என் வாடிக்கை. கூலி நம் பக்கத்தைவிட மலைமேல் கூட, அதனால் தினமும் மாநிலம் தாண்டுகிறார்கள். கல்லாப்பெட்டி பக்கத்தில் மெஷினைப் பார்த்த ஒரு அக்கா, "எனக்கும் கொஞ்சம் பாரு தாயி" என்று கையை நீட்டினார். அதோடு சரி, சாயங்காலமானால் கடையில் இட்லி வேகிறதோ இல்லையோ பட்டை சுற்றுவது நிற்பதில்லை.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, புகையிலை, ஓட்டம் எதுவும் ஆகாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். படமும் போட்டிருக்கிறார்கள்: நல்ல நாற்காலியில் ஓர் அம்மா, பக்கத்தில் மேசை, பின்னால் திரை போட்ட ஜன்னல்.

விதி எல்லாம் சரியானதுதான். ஒன்றை விட்டாலும் எண் ஏறலாம். ஆனால் ஜீப்பில் ஒருத்தர் மடியில் ஒருத்தர் மாதிரி நெருக்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வந்தவர்களுக்கு ஐந்து நிமிடம் எங்கே இருக்கிறது? குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் வீட்டுக்குப் போயாக வேண்டும். மலைக் குளிருக்கு வாயில் வெற்றிலையும் போயிலையும் இருக்கும். என் கடையில் இருப்பது சாய்மானம் இல்லாத பெஞ்சு.

அந்தச் சிறுநீர் சமாச்சாரத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காய் எடுக்கிற இடத்தில் கக்கூஸ் ஏது? செடி மறைவுதான். பக்கத்தில் ஆம்பளை ஆட்கள், மழைக்காலத்தில் அட்டை. அதனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் குடித்துவிட்டு, பல பேர் வீடு வரும்வரை அடக்கிக்கொண்டே இருக்கிறார்கள். அடக்கிக்கொண்டு பார்த்தால் பத்துப் பாயிண்டுகூட ஏற்றிக் காட்டும் என்கிறாள் மகள். ஒரு மதினிக்கு 168/100 காட்டியது. பின்கட்டுக்கு அனுப்பி, வாய் கொப்பளிக்கச் சொல்லி, சுவரில் சாய்த்து உட்கார வைத்து ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தால் 152/94. அதுவும் அதிகம்தான். வீட்டில் பார்க்கும்போது 135/85-க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். ஆனால் முதல் எண்ணைப் பார்த்து அவர் பயந்த பயம் அநாவசியம். இப்போது பின்கட்டு, பெஞ்சு, அப்புறம்தான் பட்டை.

பட்டையின் அளவையும் பார்த்து வாங்குங்கள். என்னுடையது 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு. சில பெண்களின் கை அதற்கும் மெலிவு, அவர்களுக்குக் குறைத்துக் காட்டும். தடித்த கைக்கு இறுக்கமாகச் சுற்றினால் கூட்டிக் காட்டும்.

மகள் பாடத்தில் படித்த ஒன்றைச் சொன்னாள். லண்டனில் வைட்ஹால் என்ற இடத்து அரசு ஊழியர்களை வைத்து 1967-ல் ஒரு ஆய்வு தொடங்கினார்களாம். கடைநிலை ஊழியர்கள் உயர் அதிகாரிகளைப் போல மூன்று மடங்கு அளவுக்குச் செத்திருக்கிறார்கள். சிகரெட், பிரஷர், கொழுப்பு என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் இதய நோய்ச் சாவில் இருந்த வித்தியாசத்தில் பாதிக்குமேல் அப்படியே நின்றதாம். பின்னால் வைட்ஹால் ஊழியர்களை மறுபடி ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது: வேலை நேரத்தில் மேல் பதவி, கீழ்ப் பதவி எல்லாருக்கும் பிரஷர் ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டுக்குப் போனதும் அதிகாரிக்கு நன்றாக இறங்குகிறது, கீழே இருப்பவருக்கு அவ்வளவு இறங்குவதில்லை. இத்தனைக்கும் அவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். நம்ம அக்காமார் வீட்டுக்குப் போனால் அடுப்பு, பாத்திரம், மறுநாள் தூக்குச்சட்டிக்குச் சோறு. மத்தியானம் வரை கெடாமல் இருக்க ஊறுகாயும் கருவாடும். உப்பைக் குறை என்று டாக்டர் சொல்வார், ஆறிய சோற்றுக்கு வேறு என்ன தொட்டுக்கொள்வது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

மெஷின் எண்ணைச் சொல்லும், அதற்கு மேல் அதன் வேலை இல்லை. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மாத்திரைக்குக் காசு கிடையாது. ஆனால் புறநோயாளிச் சீட்டுக் கொடுக்கிற நேரத்தில் இவர்கள் மலைமேல் இருப்பார்கள். லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு, கங்காணி ஜீப்பில் அந்த இடத்துக்கு வேறு ஆளை ஏற்றிவிடுவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பகலில் வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். எங்கள் தெருவுக்கு வருகிற பெண் கெட்டிக்காரி, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். அவளுக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன்.

குறைத்த ஒரு நட்சத்திரம் மெமரிக்காக. இரண்டு பேருடைய கணக்கைத்தான் தனித்தனியாக வைக்கும், ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கு என்று செய்தது போல. என் கடைக்குச் சரிப்படவில்லை. அதனால் ஒரு நோட்டுப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம், தேதியோடு எழுதி வைக்கிறேன். அந்த 152/94 மதினி மழைக்குத் தோட்டம் லீவு விட்ட நாளில் தன் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் அதைப் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்குகிறவர்கள் கூடவே ஒரு நோட்டும் வாங்குங்கள். அடாப்டர் தனியாக விற்பார்கள், வேண்டாம், பேட்டரி நிறைய நாள் வருகிறது.