வீட்டு போக்கர் மேசைக்கு எந்தச் சிப்: பிளாஸ்டிக்கா, களிமண்ணா, செராமிக்கா?

சிப் என்பது போக்கரில் பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வட்ட வில்லை. நான் செராமிக் வாங்கியவன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் வீடு ஒன்றிலும், ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்ட வீட்டிலும் மாறி மாறி ஆடுகிற குழு எங்களுடையது. எட்டுப் பேர் வரை சேருவோம். அப்படிப்பட்ட மேசைக்கு எது தாங்கும் என்பதை வைத்தே எழுதுகிறேன்.

நாங்கள் ஆடுவது கேஷ் கேம். அப்படி நான் சொல்வது ஆட்ட முறையை. ப்ளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் சிறியது ஒன்றும் பெரியது ஒன்றுமாக வைத்தாக வேண்டிய பந்தயம், ஏறிக்கொண்டே போகாது. சிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதன் மதிப்பு. காலியானவர் மறுபடி எடுத்துக்கொண்டு உட்காரலாம், நேரமாகிவிட்டது என்பவர் எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். எங்களிடம் எல்லாம் புள்ளிக் கணக்குதான், பணம் கை மாறாது. தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, அந்தப் பக்கம் போகும் ஆசை எங்களில் யாருக்கும் இல்லை.

எடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 11.5 கிராம், 13.5 கிராம், 14 கிராம் என்று போட்டு, கனம் கூடினால் தரம் கூடும் என்பதுபோல விற்கிறார்கள். அந்தக் கனம் பெரும்பாலும் உள்ளே வைத்த இரும்புத் தகட்டின் கனம். காசினோக்களில் புழங்கும் சிப் பொதுவாக எட்டரை முதல் பத்தரை கிராம்தான். 14 கிராம் சிப் 500 என்றால் பெட்டியைச் சேர்க்காமலே 7 கிலோ. அதை பைக்கில் கட்டிக்கொண்டு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பாருங்கள், எடை மேலிருக்கும் மோகம் போய்விடும். நான் வாங்கிய செராமிக் பத்து கிராம், 400 சிப்புக்கு 4 கிலோ.

அடுத்தது எண்ணிக்கையும் மதிப்பும். அலுமினியப் பெட்டியோடு வரும் ரெடிமேட் செட்டுகளில் 500, 1000 என்று பெரிய எண் போட்ட சிப்கள் நிறைய இருக்கும். அவை டோர்னமென்ட்டுக்கு உதவும். ப்ளைண்ட் 1-2 வைத்து ஆடுகிற மேசையில் அவை பெட்டியிலேயே தூங்கும். எங்கள் கணக்கு இப்படி: ஒருவர் உட்காரும்போது 200 புள்ளி, அதாவது பெரிய ப்ளைண்டைப்போல் நூறு மடங்கு. அதை ஒன்று மதிப்புச் சிப் 20, ஐந்து மதிப்பு 16, இருபது மதிப்பு 5 என்று பிரித்துக் கொடுக்கிறோம். எட்டுப் பேருக்கு 328 சிப். மறுபடி எடுப்பவர்களுக்கு இருபதும் நூறுமாகக் கொடுத்தால் போதும், அதனால் மொத்தம் 400 தாராளம்: 160 ஒன்று, 140 ஐந்து, 80 இருபது, 20 நூறு. அமெரிக்க வழக்கப்படி ஐந்துக்கு அடுத்தது 25 என்றுதான் கடைச் செட்டுகள் வரும். எங்களுக்கு இருபது வேண்டியிருந்தது. இருபது ஐந்து நூறு என்று கையில் எடுக்கும்போதே கணக்கு முடிந்துவிடுகிறது, புதிதாக ஆட வருபவரும் தடுமாறுவதில்லை. செராமிக்கில் நாம் கேட்ட எண்ணை அச்சடித்து வாங்க முடியும். பிளாஸ்டிக்கில் அதற்கு ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த ஸ்டிக்கரில்தான் பராமரிப்புப் பேச்சு தொடங்குகிறது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது இதுதான்.

சேலத்தில் சாயங்காலம் நாலு பேர் கூடினால் தட்டுவடை செட் வராமல் இருக்காது. தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், காரச் சட்னி. கடித்த கையோடு பந்தயத்தைத் தள்ளுவார்கள். ஏற்காட்டுக்குப் போனால் மிளகாய் பஜ்ஜி. கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லலாம், துண்டும் வைக்கலாம். ஆனாலும் எண்ணெய் சிப்பில் ஏறத்தான் செய்யும். எண்ணெயில் தூசி ஒட்டும், சிப்போடு சிப் ஒட்டும். இருபது என்று நினைத்து எடுத்த அடுக்கில் இருபத்தொன்று இருக்கும். ஆகவே என் முதல் கேள்வி, சிப்பைக் கழுவ முடியுமா என்பதுதான்.

எங்களிடம் முன்பு இருந்தது நடுவில் ஸ்டிக்கர் ஒட்டிய பிளாஸ்டிக் செட். தோட்ட வீட்டில் நண்பரின் அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏங் கண்ணு, இத்தன பிசுக்கோட வெச்சு எப்படித்தான் வெளையாடறீங்க? சோப்புல போட்டு எடுத்தா ஆவாதா?” என்று கேட்டார். “ஸ்டிக்கர் கையோட வந்துருங்கம்மா” என்றேன். உண்மையும் அதுதான். ஈரத் துணியால் துடைக்கலாம், ஆனால் தண்ணீர் ஸ்டிக்கரின் ஓரத்துக்குள் போனால் பசை விடத் தொடங்கும். ஏற்காட்டிலோ தண்ணீரே ஊற்ற வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். சில வாரம் அலமாரியில் கிடந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே பஞ்சு மெத்தை பூசண வாடை அடிக்கும், ஸ்டிக்கர்களின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரு ஓரம் தூக்கிவிட்டால் ஆடும்போது விரல் தானாக அதைச் சுரண்டும்.

செராமிக் என்று பெயர் இருந்தாலும் அது பீங்கான் கிடையாது, கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக் கலவைதான். படமும் எண்ணும் வெப்பத்தால் மேற்பரப்பிலேயே சாயமாக ஏற்றப்படுகின்றன. உரிந்து வர ஸ்டிக்கர் இல்லை, உள்ளே துருப்பிடிக்க இரும்பும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பழைய டூத்பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, துண்டில் பரப்பி நிழலில் காய வைத்தால் முடிந்தது. தின்னர், நெயில் பாலிஷ் நீக்கும் திரவம் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது. அலுமினியப் பெட்டியையும் விட்டுவிட்டு, நூறு சிப் பிடிக்கும் அக்ரிலிக் தட்டுகளுக்கு மாறிவிட்டேன். ஈரத்தைப் பிடித்து வைக்க அதில் எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. புதிய செராமிக் வழுக்கும், உயரமாக அடுக்கினால் சரியும். நாளாக ஆகச் சரியாகிறது. வெள்ளைப் பரப்பு அதிகமுள்ள டிசைன் எடுத்தால் பீட்ரூட் கறை பளிச்சென்று தெரியும், ஆகவே ஒன்றாம் மதிப்புக்கு வெள்ளையைத் தவிர்த்துச் சாம்பல் நிறம் எடுத்தேன். விளிம்பில் ஓடும் கோடுகள் எல்லாச் சிப்பிலும் ஒரே இடத்தில் வராது. விலையும் அதிகம், நான் பார்த்தவரை சாதாரண பிளாஸ்டிக் செட்டைப்போல் மூன்று மடங்குக்கு மேல். பெயர் போட்டு அச்சடித்துவிட்டால் பிறகு விற்பதும் கடினம். அதனால் எங்கள் சிப்பில் எண்ணும் ஒரு காப்பி இலையும் மட்டும்தான்.

களிமண் வகைக்கு வருகிறேன். சூதாட்ட விடுதிகளின் பழைய பெருமை இதில்தான் இருக்கிறது. கையில் எடுத்தால் சற்றே சொரசொரப்பு, அடுக்கினால் அசையாமல் நிற்கும், விழுந்தால் ஒலி அடங்கிக் கேட்கும். தொடு உணர்வில் செராமிக் இதற்கு ஈடாகாது என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் எப்போதாவது ஆடியதுதான் என் அனுபவம், அதற்கு மேல் என் பேச்சுக்கு எடை கொடுக்க வேண்டாம். அவர் வெந்நீர் படவே விடமாட்டார், வளைந்துவிடும் என்பார். ஊற வைப்பதும் கிடையாது. கழுவிக் காய்ந்த பிறகு வெளுத்துத் தெரிந்தால் மினரல் ஆயில் லேசாகத் தடவித் துடைக்கிறார். பொறுமை உள்ளவருக்கு அது இன்பம். தட்டுவடை செட் வைக்கிற மேசைக்கு அந்தப் பெட்டியை அவரே எடுத்து வருவதில்லை.

மாதம் ஒருமுறை சும்மா ஆட நினைப்பவர்கள், அதுவும் சேலத்துக்குள்ளேயே ஆடுபவர்கள், ஸ்டிக்கர் இல்லாமல் எண்ணை அச்சிலேயே வார்த்த பிளாஸ்டிக் செட் எடுக்கலாம். அதையும் கழுவ முடியும், விலையும் கையைக் கடிக்காது. செராமிக் என்று முடிவு செய்தால் முதலில் மாதிரிச் சிப் வரவழைத்து, சட்னிக் கையால் தொட்டு, ஒரு ராத்திரி விட்டுக் கழுவிப் பாருங்கள். பிடித்திருந்தால் ஒவ்வொரு நிறத்திலும் ஐந்தாறு கூடுதலாகச் சேர்த்தே ஆர்டர் கொடுங்கள். பிறகு தொலைந்ததற்கு மட்டும் தனியாகக் கேட்டால் நிறம் ஒரு சாயல் மாறி வரும்.